முடி விழுந்த கதைகள்: சனிக்கிழமை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில் சனிக்கிழமை காலைகளில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆரம்பித்தது. முன்வரிசையில் எஸ்.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளைகள். பின்வரிசையில் அவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போகாத அப்பாக்கள், பாட்டிகள், ஒரு மாமா. மன்னராட்சிக்கு எதிராக மக்கள் எழுந்த கதைகள் வந்தால் வருடா வருடம் அதே கேள்விகள்தான். பதில் சொல்ல எனக்கு அலுப்பில்லை. ஆனால் "போன வருஷம் அக்காவுக்கு வேற மாதிரி சொன்னீங்க" என்று ஒருத்தி குற்றம் சாட்டியதும் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

டீச்சர், கலகம், கிளர்ச்சி, புரட்சி மூணும் ஒண்ணுதானே?

இல்லை. கலகம் கோபத்தில் பிறப்பது. விலையைக் குறை, அந்த வரியை எடு, அந்த மந்திரியைத் தூக்கு என்று கேட்கும். கேட்டது கிடைத்தாலோ அடி பலமாக விழுந்தாலோ அடங்கிவிடும். கிளர்ச்சிக்குத் தலைவர் இருப்பார், நாள்பட நடக்கும். இரண்டிலும் மக்கள் மனத்தில் ஓர் எண்ணம் ஒட்டிக்கொண்டே இருக்கும்: ராஜா நல்லவர்தான், கூட இருப்பவர்கள்தான் சரியில்லை. புரட்சியில் அந்த எண்ணம் போய்விடுகிறது. இவர் எந்த உரிமையில் நம்மை ஆள்கிறார் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

அந்த எண்ணம் உடைவதை ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் 1905 ஜனவரி 22ஆம் தேதியைப் பாருங்கள். ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி 9ஆம் தேதி. கபோன் என்ற பாதிரியாரின் தலைமையில் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக, கையில் சாமி படங்களோடும் ஜார் மன்னரின் படத்தோடும் பீட்டர்ஸ்பர்க் அரண்மனைக்கு மனு கொடுக்கப் போனார்கள். மன்னர் அங்கே இல்லை. படை சுட்டது. மன்னரின் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை மன்னரின் படையே சுட்டது என்பதை அந்த ஊர் மறக்கவில்லை.

பேப்பர்ல 'இராணுவப் புரட்சி'ன்னு போடுறாங்களே, அதுவும் மக்கள் புரட்சிதானா?

தமிழ்ப் பத்திரிகைகளின் இந்தப் பழக்கத்தால் பல வருடம் அவதிப்பட்டிருக்கிறேன். அது ஆட்சிக்கவிழ்ப்பு. எகிப்தில் 1952 ஜூலை 23 அன்று இளம் அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தார்கள், 26ஆம் தேதி பாரூக் மன்னரைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். லிபியாவில் 1969இல் மன்னர் வெளிநாட்டில் இருந்தபோது காரியம் முடிந்துவிட்டது. மக்கள் வானொலியில்தான் கேட்டார்கள். பிறகு தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள் என்பது வேறு விஷயம்.

நடுவில் நிற்பவையும் உண்டு. எத்தியோப்பியாவில் 1974இல் பஞ்சம், ஆசிரியர் வேலைநிறுத்தம், டாக்சி ஓட்டுநர் வேலைநிறுத்தம் என்று தொடங்கியது. செப்டம்பர் 12 அன்று ஹைலே செலாசி சக்கரவர்த்தியை இறக்கியது இராணுவக் குழு. அவரை அரண்மனையிலிருந்து ஒரு சின்ன வோக்ஸ்வேகன் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உழுதது மக்கள், அறுத்தது படை.

பசி வந்தா ஜனங்க எழுந்துடுவாங்க, அவ்வளவுதானே?

பின்வரிசை மாமாவின் கேள்வி இது. பாதி சரி. 1788 ஜூலையில் பிரான்சில் ஆலங்கட்டி மழை பயிரை அழித்தது. விளைச்சல் கெட்டு, அடுத்த ஜூலையில் ரொட்டி விலை உச்சத்தில் நின்றது. அந்த ஜூலையில்தான் பஸ்தீல் சிறை விழுந்தது. 1917இல் பெட்ரோகிராடில் (பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) ரொட்டிக்கு வரிசையில் நின்ற கூட்டம்தான் ஊர்வலமாக மாறியது.

ஆனால் பசியோடு கிடந்து செத்துப்போன நாடுகள் எத்தனை! பசி மட்டும் போதாது. அரசின் கஜானாவும் காலியாக இருக்க வேண்டும். பிரான்ஸ் அமெரிக்க விடுதலைப் போருக்குக் கொடுத்துக் கொடுத்தே கடனில் மூழ்கியிருந்தது. 1788இல் அரசின் செலவில் ஏறக்குறைய பாதி கடனுக்கே போனது. புது வரி போட வேண்டுமானால் 175 ஆண்டுகளாகக் கூட்டாத சபையைக் கூட்டியாக வேண்டும். கூட்டினார் மன்னர். 1789 மே 5 அன்று வெர்சாயில் கூடியவர்கள் அவர் நினைத்தபடி கலைந்து போகவில்லை. அதற்கு 150 ஆண்டு முன்னால் இங்கிலாந்தின் முதலாம் சார்லஸுக்கும் இதே கதைதான்: 11 ஆண்டுகள் நாடாளுமன்றம் இல்லாமல் ஆண்டுவிட்டு, ஸ்காட்லாந்துப் போருக்குப் பணம் இல்லாமல் 1640இல் கூட்டினார்.

மாமாவை மடக்க நான் வைத்திருக்கும் எடுத்துக்காட்டு ஈரான். 1970களில் அது எண்ணெய்ப் பணத்தில் மிதந்த நாடு. அங்கே ரொட்டிக்கு வரிசை இல்லை. அதற்குத் தனியாக வருகிறேன்.

அப்போ ராஜா எப்பத்தான் விழறார்?

சுடச் சொன்னால் சுடாமல் சிப்பாய் நிற்கிற அன்று. இதைத்தான் வகுப்பில் அதிகமாக அழுத்திச் சொல்வேன்.

பஸ்தீலை வெறுங்கையோடு வந்த கூட்டம் பிடித்தது என்று படம் வரைந்திருப்பார்கள். உள்ளே இருந்த கைதிகள் 7 பேர்தான். மன்னரின் சொந்தக் காவற்படையிலிருந்து வீரர்கள் பீரங்கியோடு மக்கள் பக்கம் வந்த பிறகுதான் கோட்டை பணிந்தது. 1905இல் ரஷ்ய மன்னர் ஏன் தப்பித்தார்? ஜப்பானோடு சண்டை முடிந்திருந்தது, படை பெரும்பாலும் அவர் சொல் கேட்டது. டிசம்பரில் மாஸ்கோ எழுச்சியை நசுக்கியது. 1917இல் அதே பெட்ரோகிராடில், முந்தைய நாள் கூட்டத்தைச் சுட்ட வோலின்ஸ்கி படைப்பிரிவு மறுநாள் காலையில் சுட மறுத்தது. மாலைக்குள் நகரத்துப் படையில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. ஈரானில் 1979 பிப்ரவரி 11 அன்று படைத்தளபதிகள் "நாங்கள் நடுநிலை" என்று அறிவித்தார்கள். அத்தோடு எல்லாம் முடிந்தது.

நேபாளத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே படை கடைசிவரை மன்னரோடுதான் நின்றது. அதையும் கீழே பாருங்கள்.

ஜார் விழுந்ததைப் பாரதியார் பாடினாரே, அது லெனின் செஞ்ச புரட்சிதானே?

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. இல்லை. ஜார் விழுந்தது 1917 மார்ச்சில். இரண்டாம் நிக்கோலஸ் மார்ச் 15 அன்று பிஸ்கோவில் ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்து முடிதுறந்தார். லெனின் அப்போது சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இருந்தார். அந்த ஜனவரியில்தான், வரப்போகும் புரட்சியின் பெரிய சண்டைகளை எங்கள் தலைமுறை கண்ணால் காணாமலே போகலாம் என்று ஒரு கூட்டத்தில் பேசியிருந்தார். ஏப்ரலில் ரஷ்யா திரும்பினார். நவம்பர் 7 அன்று அவர் கட்சி கவிழ்த்தது ஜாருக்குப் பின் வந்த தற்காலிக அரசை. ஒரே ஆண்டில் இரண்டு புரட்சிகள். பாரதி பாடிய வீழ்ச்சி முதலாவதில் நடந்தது.

பிரெஞ்சுப் புரட்சி 1789ஆ, 1792ஆ? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுதே?

தேர்வில் 1789 என்று எழுதுங்கள். பிறகு இதைப் படியுங்கள்.

எந்த நாட்டுக் கதையை எடுத்தாலும் மூன்று தேதிகளைத் தனித்தனியாகக் கேட்கச் சொல்வேன். மன்னரின் அதிகாரம் விழுந்தது எப்போது? மன்னர் என்ற பதவியே சட்டப்படி ஒழிந்தது எப்போது? அதன் இடத்தில் வந்தது நிலைத்தது எப்போது? மூன்றையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை. பிரான்சில் முதலாவது 1789. அப்போது குடியரசு வேண்டும் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். இரண்டாவது 1792 செப்டம்பர் 21. மூன்றாவதற்கு நெப்போலியன் பேரரசராகி, பழைய மன்னர் குடும்பம் 1814இல் திரும்பி, 1830இல் ஒரு புரட்சி, 1848இல் இன்னொன்று, 1852இல் மறுபடி ஒரு பேரரசர் என்று போய், 1870இல்தான் மன்னர் திரும்பி வராத குடியரசு வந்தது. 81 ஆண்டுகள்.

நேபாளத்தில் இந்தத் தேதிகள் 2006, 2008, 2015. ஈரானில் முதல் இரண்டுக்கும் இடையே 2 மாதம்கூட இல்லை: பிப்ரவரி 11, ஏப்ரல் 1. மூன்றாவதை வகுப்பில் வாதாட விட்டுவிடுவேன்.

இதுல பொம்பளைங்க யாருமே இல்லையா டீச்சர்?

நிறைய. 1789 அக்டோபர் 5 அன்று பாரிஸ் சந்தைப் பெண்கள் மழையில் நடந்தே வெர்சாய் போய், மறுநாள் மன்னரையும் குடும்பத்தையும் பாரிஸுக்கு அழைத்து வந்தார்கள். அதற்குப் பிறகு அவர் வெர்சாயில் வாழவில்லை. 1917இல் பெட்ரோகிராட் துணி ஆலைப் பெண்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்த நாள் மார்ச் 8, மகளிர் தினம். ஆண்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

ராஜாவைக் கொன்னே ஆகணுமா?

இந்தக் கேள்வியை எப்போதும் பாட்டிமார்தான் கேட்பார்கள். கொல்லாமல் விட்ட இடங்களே அதிகம். போர்ச்சுகலின் இளம் மன்னர் 1910இல் கப்பலேறிப் போனார். ஜெர்மனியின் வில்ஹெல்ம் 1918இல் நெதர்லாந்துக்குப் போய் 1941 வரை அங்கேயே இருந்தார். ஈரானின் மன்னர் ஷா 1979 ஜனவரி 16 அன்று விமானமேறினார்.

கொன்ற மூன்று பெரிய கதைகளில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. மன்னர் வெளியார் படையோடு திரும்பிவிடுவார் என்ற பயம். சார்லஸ் சிறையில் இருந்துகொண்டே ஸ்காட்லாந்துக்காரர்களோடு ரகசிய ஒப்பந்தம் செய்து இரண்டாவது முறை உள்நாட்டுப் போரை வரவழைத்தார். 1649 ஜனவரி 30 அன்று தலை போனது. பிரான்சின் பதினாறாம் லூயி 1791 ஜூனில் வேலைக்காரன் வேடத்தில் எல்லைப் பக்கம் தப்பி ஓடி வரென் என்ற சிற்றூரில் பிடிபட்டார். அடுத்த ஆண்டு ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் படையெடுத்து வந்தபோது அவர் யார் பக்கம் என்று யாரும் சந்தேகப்படவில்லை. 1793 ஜனவரி 21 அன்று கில்லட்டின் பொறியில் அவர் தலையும் போனது. நிக்கோலஸ் குடும்பத்தை 1918 ஜூலை 17 அதிகாலையில் யெகாட்டரின்பர்கில் சுட்டபோது எதிரிப் படை அந்த ஊரை நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் இருவருக்கும் விசாரணை என்று ஒன்றாவது நடந்தது. இங்கே அதுவும் இல்லை, பிள்ளைகளையும் விடவில்லை. பயம் இருந்தது என்பது காரணம், சமாதானம் இல்லை.

ஆர்மேனியன் ஸ்திரீட்ல ஒரு சீன வீடு இருக்கே, அங்க என்ன நடந்துச்சு?

பெர்ரியில் அக்கரைக்கு, பினாங்குத் தீவுக்குப் போய் இறங்கினால் நடந்தே போய்விடலாம். 120ஆம் எண் வீடு. சுவரில் எழுதிய சித்திரங்களோடு படம் எடுக்க வருகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். 1910இல், சீன மன்னராட்சியைக் கவிழ்க்கப் பாடுபட்ட சுன் யாட் சென் தம் இயக்கத்தின் தென்கிழக்காசியத் தலைமையகத்தைச் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு மாற்றினார். குடும்பத்தோடு சில மாதங்கள் இங்கே தங்கினார். அதற்குள் அவர் ஆட்கள் நடத்திய எழுச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றிருந்தன. பணம் கொடுத்தவர்களும் களைத்திருந்தார்கள்.

1910 நவம்பர் 13 அன்று பினாங்கில் கூடி, சீனாவின் குவாங்சோவில் இன்னொரு முறை எழுவது என்று முடிவு செய்தார்கள். பணம் இந்த வட்டாரச் சீனர்களிடம் திரண்டது. டிசம்பரில் குவாங் வா நாளிதழை இங்கே தொடங்கினார்கள், அது இன்னும் வருகிறது. பிரிட்டிஷார் அவரை வெளியே அனுப்பினார்கள். 1911 ஏப்ரல் 27 அன்று குவாங்சோ எழுச்சி நடந்தது, தோற்றது. அங்கே புதைக்கப்பட்ட 72 பேரில் நம் பக்கத்திலிருந்து போனவர்களும் உண்டு.

அக்டோபர் 10 அன்று சீனாவின் ஊச்சாங்கில் புரட்சி வெடித்தது யாரும் குறித்த நாளில் இல்லை. முந்தைய நாள் ஒரு மறைவிடத்தில் வெடிகுண்டு தவறி வெடித்துப் பெயர்ப்பட்டியல் போலீஸ் கையில் சிக்கியது. பிடிபட்டால் தலை போகும் என்று இயக்கத்தில் இருந்த படைவீரர்கள் முந்திக்கொண்டார்கள். மேலே சொன்ன சிப்பாய்க் கதை இங்கேயும் உண்டு என்று கவனியுங்கள். சுன் யாட் சென் அமெரிக்காவின் டென்வர் நகரில் இருந்தார், செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பினாங்கு இல்லாமல் சீனப் புரட்சி இல்லை என்று வழிகாட்டிகள் சொல்வது கொஞ்சம் அதிகம். ஆனால் தோற்ற எழுச்சிக்கும் பணம் கட்டிய ஊர் என்ற பெருமை நமக்கு நிச்சயம் உண்டு.

சீனாவுல மன்னர் போயிட்டார். அப்புறம் ஏன் சண்டை ஓயலை?

மூன்று தேதிகளை மறுபடி எடுங்கள். 1912 பிப்ரவரி 12 அன்று ஆறு வயது பூயி பெயரில் முடிதுறப்பு ஆணை வந்தது. அதை வாங்கிக் கொடுத்தவர் மன்னரின் தளபதி யுவான் ஷிகாய். கூலியாகக் குடியரசுத் தலைவர் பதவியை வாங்கிக்கொண்டார். 1915 டிசம்பரில் அவரே பேரரசர் என்று அறிவித்துக்கொண்டு, எதிர்ப்புத் தாங்காமல் மூன்றே மாதத்தில் கைவிட்டார். 1917 ஜூலையில் இன்னொரு தளபதி பூயியை மறுபடி சிம்மாசனத்தில் உட்கார வைத்தார். அது 12 நாள் தாங்கியது.

இங்கிலாந்தும் பிரான்சும் இதே பாதையில்தான் போயின. மன்னரை அகற்றியதும் படையைக் கையில் வைத்திருப்பவர் மேலே வருகிறார்: இங்கிலாந்தில் குரோம்வெல், பிரான்சில் நெப்போலியன், சீனாவில் யுவான். குரோம்வெல் இறந்து இரண்டே ஆண்டில், 1660இல், சார்லஸின் மகன் திரும்பி வந்தார். குரோம்வெல்லின் பிணத்தைத் தோண்டித் தூக்கில் தொங்கவிட்டார்கள்.

ஈரான் மட்டும் ஏன் தனியா நிக்குது?

பஞ்சமில்லை, தோற்ற போரில்லை, படை வலுவானது. பிரான்சுக்கும் ரஷ்யாவுக்கும் சொன்ன காரணங்கள் எதுவும் ஒட்டாது. அங்கே இருந்தது, ஷா வெளியார் தயவில் உட்கார்ந்திருக்கிறார் என்ற எண்ணம். 1953இல் பிரதமர் மொசாதெக்கை அமெரிக்கா, பிரிட்டன் உளவுத்துறைகளின் கைங்கரியத்தில் கவிழ்த்ததை யாரும் மறக்கவில்லை. கட்சி, சங்கம், பத்திரிகை எல்லாவற்றையும் ஷா அடக்கிவிட்டதால், ஆட்கள் கூடிப் பேச மிச்சம் இருந்தது பள்ளிவாசல்.

நம் வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் போல அங்கே நாற்பதாம் நாள் நினைவு. 1978 ஜனவரியில் கோம் நகரில் சுடப்பட்டு இறந்தவர்களுக்கு நாற்பதாம் நாள் தப்ரீஸில் கூடினார்கள். அங்கேயும் சாவு. அவர்களுக்கு நாற்பது நாள் கழித்து வேறு ஊர்களில். துக்கமே நாட்காட்டி ஆகிவிட்டது. நாடு கடத்தப்பட்டிருந்த மதகுரு கோமெய்னியின் பேச்சுகள் கேசட்டில் பரவின. கடைசி அடி எண்ணெய்த் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம். எண்ணெய் நின்றால் அந்த அரசுக்கு வருமானம் ஏது?

இன்னொரு வேறுபாடு: பிரான்சிலும் ரஷ்யாவிலும் புரட்சி திருச்சபையின் சொத்தைப் பறித்தது. ஈரானில் ஆட்சியே மதகுருமார் கைக்கு வந்தது. கூட நின்ற இடதுசாரிகளும் தாராளவாதிகளும் சில ஆண்டுகளில் ஓரங்கட்டப்பட்டார்கள்.

நேபாளத்துல ரத்தம் சிந்தாமயே மன்னரை அனுப்பிட்டாங்களாமே?

'ரத்தம் சிந்தாமல்' என்பதை அழித்துவிட்டுப் படியுங்கள். 1996 முதல் பத்தாண்டு மாவோயிஸ்ட் போரில் 13,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு நடுவே 2001 ஜூன் 1 அன்று அரண்மனைக்குள்ளேயே மன்னர் பிரேந்திராவும் குடும்பத்தாரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தம்பி ஞானேந்திரா முடிசூடினார். 2005 பிப்ரவரியில் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டார். அதுவரை ஒருவரை ஒருவர் வெறுத்த கட்சிகளையும் மாவோயிஸ்டுகளையும் அவரே ஒன்றுசேர்த்துவிட்டார் என்று சொல்லலாம்.

எங்கள் அடுக்குமாடியில் இரவு ஜாகா (காவல்) பார்க்கும் நேபாளத் தம்பிக்கு 2006 ஏப்ரலில் பதினாலு வயதாம். காட்மாண்டு சுற்றுச்சாலையில் ஊரடங்கை மீறிக் கூட்டத்தோடு நடந்ததைச் சொல்வார். "அப்பா தேடி வந்து அடிச்சார் அம்மா, அப்புறம் அவரும் கூட நடந்தார்" என்றார், மலாயும் தமிழும் கலந்து. 19 நாள் நடந்தது. ஏப்ரல் 24 இரவு மன்னர் நாடாளுமன்றத்தைத் திருப்பிக் கொடுத்தார். 2008 மே 28 அன்று 560 வாக்குக்கு 4 என்ற கணக்கில் முடியாட்சி ஒழிந்தது. மன்னர் அரண்மனையை விட்டு வெளியேறி நாட்டிலேயே குடியிருக்கிறார். வெளியார் படை எதுவும் அவருக்காக வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். கொல்வது பற்றிய பதிலோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

தாய்லாந்து, இங்கிலாந்துல இன்னும் ராஜா இருக்காங்களே? அங்க புரட்சியே வரலையா?

வந்தது. பாதியில் நின்றது, அல்லது நிறுத்திக்கொண்டார்கள். இங்கிலாந்து 1688இல் ஒரு மன்னரை ஓட்டிவிட்டு, 1689இல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட இன்னொருவரை உட்கார வைத்தது. சியாமில் 1932 ஜூன் 24 காலையில் அதிகாரிகளும் படித்த இளைஞர்களும் கொண்ட சிறு குழு பாங்காக்கைப் பிடித்தது. மன்னர் பிரஜாதிபோக் அரசியலமைப்பை ஏற்றார், 1935இல் முடிதுறந்தார், முடி அவர் அண்ணன் மகனுக்குப் போனது. அதை மக்கள் புரட்சி என்று சொல்ல எனக்குத் தயக்கம். தெருவில் மக்கள் இல்லை.

எங்க தாத்தா மேடான்ல இருந்து வந்தவர். அங்க சுல்தான் குடும்பத்தையே வெட்டுனாங்கன்னு சொல்வாரு. உண்மையா?

உண்மை. பினாங்கிலிருந்து தென்மேற்கே, கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தது. ஆனால் நம் பிள்ளைகளுக்குப் பிரான்ஸ் தெரிந்த அளவு இது தெரியாது. 1946 மார்ச்சில் கிழக்குச் சுமத்ராவில் லங்காட், அசஹான் முதலிய அரசுகள்மீது ஆயுதக் குழுக்கள் பாய்ந்தன. அரச குடும்பத்தாரும் பிரபுக்களும் கொல்லப்பட்டார்கள். லங்காட் குடும்பத்துக் கவிஞர் அமீர் ஹம்சா புதிய இந்தோனேசியக் குடியரசின் பிரதிநிதியாகவே வேலை பார்த்தவர். அவரையும் கொன்றார்கள். 1975இல் அவரைத் தேசிய வீரராக அறிவித்தது அதே குடியரசு. டச்சுப் புகையிலைத் தோட்டங்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுச் செழித்த அரண்மனைகள் அவை. அந்தத் தோட்டங்களில் நம் ஆட்களும் வேலை செய்தார்கள். டச்சுக்காரர் திரும்பினால் சுல்தான்கள் அவர்கள் பக்கம்தான் என்று ஊர் நம்பியது.

இனி இக்கரையைப் பாருங்கள். அதே மார்ச் மாதம் கோலாலம்பூரில் மலாய் அமைப்புகளின் மாநாடு. எதற்கு? பிரிட்டிஷாரின் மலாயன் யூனியன் திட்டம் சுல்தான்களின் இறைமையைப் பறிக்கிறது என்று எதிர்க்க. ஏப்ரல் 1 அன்று ஆளுநர் பதவியேற்புக்குப் போகவேண்டாம் என்று மக்கள் சார்பில் சுல்தான்களையே கேட்டுக்கொண்டார்கள், அவர்களும் போகவில்லை. 1948இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஒரே மொழி, ஒரே மதம், கொண்டுகொடுத்த குடும்பங்கள், ஒரே மாதம். அங்கே மக்கள் அரண்மனையை உடைத்தார்கள், இங்கே காவல் நின்றார்கள்.

எனக்குத் தோன்றும் காரணம் இது: அங்கே முடி வெளியாரின் கூட்டாளியாகத் தெரிந்தது, இங்கே வெளியாரால் பறிபோகிற நம் சொத்தாகத் தெரிந்தது. ஜாவாவின் யோக்யகர்த்தாவையும் வைத்துப் பாருங்கள். அங்கே சுல்தான் 1945 செப்டம்பரிலேயே குடியரசோடு சேர்ந்துகொண்டார், பிறகு நாட்டின் துணை அதிபராகவும் ஆனார். அவர் மகன் இன்று சுல்தான், மாநில ஆளுநரும் அவரே. குடியரசுக்குள் ஒரு சுல்தான்! தேர்வில் இதை எழுதினால் திருத்துபவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

இதெல்லாம் பேசினா பிரச்சினை வராதா டீச்சர்?

வெளிநாட்டு வரலாற்றைப் படிக்கிறோம். நம் நாட்டில் ஒன்பது ஆட்சியாளர்கள் கூடி ஐந்தாண்டுக்கு ஒருமுறை தங்களுக்குள் மாமன்னரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சுல்தான் இல்லாத நம் பினாங்குக்கு ஆளுநர் இருக்கிறார். அது அரசியலமைப்புக்கு உட்பட்ட முடியாட்சி, தனிப் பாடம். மன்னர்களை இழிவாகப் பேசினால் தேச நிந்தனைச் சட்டம் உண்டு என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் வகுப்பில் இரண்டையும் முடிச்சுப்போட்டு வேடிக்கை பேச விடமாட்டேன்.

கண்ணகி செஞ்சது புரட்சி இல்லையா?

அழகான கேள்வி, கேட்டவள் படிவம் 4. பாண்டியன் அநியாயம் செய்தான், ஒரு பெண் சபையில் நின்று நிரூபித்தாள், மன்னன் விழுந்தான், மதுரை எரிந்தது. ஆனால் கொற்கையிலிருந்து வெற்றிவேற்செழியன் வந்து அதே சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். முதல் தேதி இருக்கிறது, இரண்டாவது இல்லை. அவள் கேட்டது நல்ல மன்னனை, மன்னன் இல்லாத மதுரையை இல்லை. "அப்போ அது கலகமா டீச்சர்?" என்றாள். வழக்கு என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

முடி போன பிறகு அந்த ராஜாக்கள் என்னதான் செஞ்சாங்க?

ஜெர்மனியின் வில்ஹெல்ம் நெதர்லாந்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார், நிஜமாகவே. அதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. பல்கேரியாவில் ஒன்பது வயதில் முடியிழந்த சிமியோன் 2001இல் தேர்தலில் வென்று பிரதமரானார்.

பூயியை 1924இல் அரண்மனையிலிருந்து வெளியேற்றினார்கள். ஜப்பானியர் மஞ்சூரியாவில் அவரைப் பொம்மை மன்னராக வைத்தார்கள். போர் முடிந்ததும் சோவியத் கைதி, பிறகு சீனச் சிறை. 1959இல் விடுதலையாகி, பெய்ஜிங் தாவரவியல் பூங்காவில் தோட்ட வேலை செய்தார். 1967இல் இறந்தார்.